ரஷ்யாவில் ஆறு வயதில் பியானோ முன் உட்காரும் குழந்தை எங்கே போய்ச் சேரும்?

ரஷ்யாவில் இசைப் படிப்பு குழந்தைப் பருவத்திலிருந்து மேடைக் கலைஞர் ஆகும்வரை எப்படிப் போகிறது, அங்கிருந்து இத்தனை பேர் வரிசையாக வந்துகொண்டே இருப்பதற்கு என்ன காரணம், வெளியிலிருந்து ஒருவர் நடுவில் போய்ச் சேர முடியுமா என்று மூன்று கேள்விகள். முதல் கேள்விக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடலாம்: குழந்தைகள் இசைப்பள்ளி ஏழெட்டு வருடம், அப்புறம் இசைக் கல்லூரி நான்கு வருடம், அப்புறம் பல்கலைக்கழக மட்டத்து இசைக் கல்விக்கூடமான கன்சர்வேட்டரி ஐந்து வருடம். ஆறு வயதில் தொடங்கிய குழந்தை இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதில் வெளியே வரும். ஆனால் இந்த மூன்றில் எல்லாரும் கன்சர்வேட்டரியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் நடுவில் இருக்கும் கல்லூரிதான் மொத்தக் கட்டடத்தையும் தாங்குகிறது. அது ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

முதலில் ஒரு பழைய கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரஷ்யாவில் இசைக்கலைஞர் என்று ஒரு தொழிலே சட்டப்படி கிடையாது. அன்டோன் ரூபின்ஷ்டைன் அப்போதே ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கிய பியானோக் கலைஞர். அவர் ஒருமுறை தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனம் முடித்துப் பதிவேட்டில் பெயர் எழுதப் போனபோது, நீ யார் என்று கேட்டார்களாம். இசைக்கலைஞன் என்றிருக்கிறார். நாடக அரங்கில் வேலையா? இல்லை. பள்ளி ஆசிரியரா? இல்லை. அப்படியானால் என்னவென்று எழுதுவது? கடைசியில் இன்ன வணிகரின் மகன் என்று எழுதி முடித்தார்கள். இதை அவரே தன் நினைவுக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர்தான் 1862இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கன்சர்வேட்டரியைத் தொடங்கினார். நான்கு வருடம் கழித்து, 1866இல், அவர் தம்பி நிக்கோலாய் மாஸ்கோவில் இன்னொன்றைத் தொடங்கினார். படித்து முடித்தவருக்கு 'சுதந்திரக் கலைஞர்' என்ற பட்டம் கிடைத்தது, அதோடு சட்டத்தில் ஓர் இடமும். அந்த நாட்டில் இசைக் கல்வி என்பது ஆரம்பத்திலேயே தொழில் அந்தஸ்தோடு பிணைந்து வந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுக் குழந்தையிடம் அவர்கள் காட்டும் கண்டிப்புக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அந்தக் காலத்துக் கன்சர்வேட்டரியில் சிறுவரும் பெரியவரும் ஒரே கூரையின் கீழ்தான் படித்தார்கள். இசையமைப்பாளர் புரொகோஃபியெவ் 1904இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் சேர்ந்தபோது அவருக்கு வயது 13. வயதுவாரியாகப் பிரித்து மூன்று படியாக அடுக்கியது சோவியத் காலம். 1918இல் கன்சர்வேட்டரிகள் அரசின் கைக்கு வந்தன, 1920களில் பள்ளி, கல்லூரி, கன்சர்வேட்டரி என்ற வரிசை உருவாயிற்று. இன்றுவரை எலும்புக்கூடு அதேதான்.

சரி, கீழ்ப்படிக்கு வருவோம். குழந்தைகள் இசைப்பள்ளியைப் பிள்ளைகள் செல்லமாக 'முஸிகால்கா' என்பார்கள். சாதாரணப் பள்ளிக்குப் பதிலாக இங்கே போவதில்லை. அதோடு கூடுதலாக, பள்ளி முடிந்த பிறகு மாலையில் போக வேண்டும். இன்று ரஷ்யாவில் ஓவியம், நடனம் எல்லாம் சேர்த்து இப்படிப்பட்ட குழந்தைகள் கலைப்பள்ளிகள் ஏறத்தாழ ஐயாயிரம் இருக்கின்றன. சின்ன ஊர்களிலும் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

சேர்க்கைக்கு ஒரு சின்னத் தேர்வு உண்டு. குழந்தை ஒரு பாட்டுப் பாட வேண்டும், ஆசிரியர் கைதட்டும் தாளத்தைத் திருப்பித் தட்ட வேண்டும், பியானோவில் அழுத்திய சுரத்தைக் குரலில் பிடிக்க வேண்டும். சில இடங்களில் ஒரே சமயத்தில் எத்தனை சுரம் ஒலித்தது என்று கேட்பார்கள். பியானோ, வயலின் என்றால் ஆறரை, ஏழு வயதில் தொடங்கி ஏழு வருடம் என்பது பழைய கணக்கு. இப்போது எட்டு, கல்லூரிக்குப் போக நினைப்பவருக்கு ஒன்பதாவது வருடமும் உண்டு. புல்லாங்குழல், எக்காளம் மாதிரி ஊதும் வாத்தியங்களுக்குப் பத்து வயது வாக்கில் தொடங்கி ஐந்து வருடம் போதும் என்றும் ஒரு வழி இருக்கிறது. மூச்சும் பல்லும் அதற்குத் தயாராக வேண்டுமே.

அங்கே ஒரு வாரம் எப்படியிருக்கும்? வாத்தியப் பாடம் வாரம் இரண்டு முறை, ஆசிரியரும் குழந்தையும் மட்டும், முக்கால் மணி நேரம். குழுவாக உட்கார வைத்து வாத்தியம் சொல்லித் தரும் பழக்கம் அங்கே வேர்விடவே இல்லை. வயலின் படிக்கும் குழந்தைக்குப் பாட நேரத்திலேயே பியானோ வாசிக்கத் தனியாக ஒரு பக்கவாத்தியக்காரர் வருவார், அவருக்குச் சம்பளம் பள்ளி கொடுக்கும். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். மூன்றே சுரத்தில் ஒரு மெட்டை இழுக்கத் தெரிந்த ஏழு வயதுப் பிள்ளை, முதல் வருடத்திலேயே தேர்ந்த ஒருவரோடு சேர்ந்து வாசிக்கிறது. சுருதி தப்பினால் அடுத்த நொடியே காதில் உறைக்கும்.

இதோடு சேர்ந்திசை, வயலின்காரர்களுக்கும் குழல்காரர்களுக்கும் துணையாகப் பியானோ, நான்காம் வருடம் வாக்கில் இசை இலக்கியம் என்ற பாடம். அதில் இசையமைப்பாளர்களின் வாழ்க்கையும் படைப்பும் மட்டுமில்லை. ஒரு சிம்பொனியின் இரண்டாவது கருப்பொருளைப் பியானோவில் வாசித்துவிட்டு, இது எந்தப் படைப்பு, எந்தப் பகுதி என்று கேட்பார்கள். பிள்ளைகள் இதற்கு ராத்திரியெல்லாம் உட்கார்ந்து மனப்பாடம் செய்வது தனிக் கதை.

ஆனால் எல்லாவற்றிலும் பயமுறுத்துவது சோல்ஃபெஜியோதான். தாளைப் பார்த்ததும் பாட வேண்டும், கேட்டதும் எழுத வேண்டும், இவ்வளவுதான் அந்தப் பாடம். கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு ஒரு வித்தியாசம் சொல்கிறேன்: நமக்கு ஸ எந்தச் சுருதியிலும் நிற்கும், அங்கே 'தோ' என்றால் எப்போதும் அதே ஒரு சுரம், இடம் மாறாது. வகுப்பின் உச்சக்கட்டம் 'இசைச் சொல்வதெழுதுதல்'. எட்டு அளவை (தாளக் கட்டம்) நீளமுள்ள ஒரு மெட்டை ஆசிரியர் பியானோவில் எட்டு அல்லது பத்து முறை வாசிப்பார், நடுநடுவே இடைவெளி விட்டு. பிள்ளைகள் வாத்தியத்தைத் தொடாமல், வாய்விட்டுப் பாடாமல், அதைத் தாளில் எழுதி முடிக்க வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் வகுப்பில் ஒரு சத்தமும் இருக்காது. எனக்குப் பியானோ சொல்லித்தந்த அம்மையார் அப்படி ஒரு பள்ளியில் படித்து வந்தவர். அறுபது வயதிலும் தெருவில் வண்டி ஹாரன் அடித்தால் அதன் சுரங்களுக்கு நடுவே எத்தனை சுர தூரம் என்று முணுமுணுப்பார், தான் முணுமுணுப்பதே அவருக்குத் தெரியாது.

வருடத்துக்கு இரண்டு முறை கச்சேரி மாதிரி ஒரு தேர்வு, நடுவில் ஸ்வர வரிசைகளுக்கும் பயிற்சித் துண்டுகளுக்கும் தனியாக ஒரு தேர்வு. எல்லாம் மனப்பாடமாக, மேடையில், ஆசிரியர் குழுவுக்கு முன்னால். பியானோ என்றால் நான்கு வகை உருப்படி கட்டாயம்: பல குரல் பின்னிய ஒன்று (பெரும்பாலும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் எழுதியது), சொனாட்டா மாதிரி பெரிய வடிவம் ஒன்று, விரல் வேகத்துக்கு ஓர் எட்யூட், அப்புறம் பாவத்தோடு வாசிக்கும் சின்ன உருப்படி. இந்த நான்கு கால் மேசை முதல் வகுப்பிலிருந்து கன்சர்வேட்டரி நுழைவுத் தேர்வுவரை மாறுவதில்லை, மேசையின் அளவுதான் பெரிதாகிக்கொண்டே போகும். மதிப்பெண் ஐந்துக்கு. நான்கு வாங்கினால் நல்ல மதிப்பெண்தான், ஆனால் 'நாலு கழித்தல்' என்று டைரியில் எழுதி வந்தால் வீட்டில் அன்றைக்குச் சாப்பாடு அமைதியாகத்தான் நடக்கும்.

இந்தப் படியில் ஒரு குறை இருக்கிறது, அதை மறைத்துப் பேசுவது நேர்மை இல்லை. சேரும் ஒவ்வொரு குழந்தையையும் நாளை மேடை ஏறப்போகிறவர் போலவே நடத்துவார்கள். அவர்களில் மிகச் சிலர்தான் தொழிலுக்குப் போவார்கள் என்று தெரிந்தே. ஏழு வருடம் படித்துச் சிவப்பு அட்டைச் சான்றிதழ் வாங்கிய மறுநாள் பியானோ மூடியைச் சாத்தியவர்கள், அப்புறம் திறக்கவே இல்லை என்று சொல்பவர்கள், அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. இதைச் சரிசெய்யத்தான் 2010களில் பாதையை இரண்டாகப் பிரித்தார்கள். தொழிலுக்கு முந்தைய பயிற்சி என்று ஒன்று: எட்டு வருடம், போட்டித் தேர்வில் சேர வேண்டும், செலவு அரசுடையது, பழைய கண்டிப்பு அப்படியே இருக்கும். பொது வளர்ச்சிக்கான பயிற்சி என்று இன்னொன்று: மூன்று நான்கு வருடம், இலேசான பாடத்திட்டம், பல இடங்களில் பெற்றோர் பணம் கட்ட வேண்டும். பிரித்தது சரிதான் என்று நினைக்கிறேன். ஆனால் ஆறரை வயதில், அதுவும் ஒரு பாட்டும் ஒரு கைதட்டலும் கேட்டுவிட்டு, யார் எந்தப் பக்கம் என்று முடிவு செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மூன்று படிக்கும் வெளியே ஒரு தனிச் சாலையும் உண்டு. அபாரத் திறமை என்று தெரிந்த பிள்ளைகளுக்குச் சிறப்பு இசைப்பள்ளிகள்; கணக்கும் இலக்கணமும் வாத்தியமும் ஒரே கட்டடத்தில், ஒன்றாம் வகுப்பிலிருந்து பள்ளி இறுதிவரை. ஒடேசாவில் 1933இல் ஸ்தொல்யார்ஸ்கி என்ற வயலின் ஆசிரியர் தொடங்கியது இவற்றில் முதலாவது. புகழ்பெற்ற வயலின் கலைஞர்கள் டேவிட் ஒய்ஸ்ட்ராக்கும் நேதன் மில்ஸ்டைனும் அவர் கையில் வயலின் பிடித்தவர்கள், ஆனால் அந்தப் பள்ளி பிறப்பதற்கு முன்பே. (ஒடேசா இன்று உக்ரைனில் இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.) 1935இல் மாஸ்கோ கன்சர்வேட்டரியோடு சேர்ந்து மத்திய இசைப்பள்ளி, 1946இல் இசை ஆசிரியைகளான க்னேசின் சகோதரிகளின் பெயரில் இன்னொன்று. பியானோக் கலைஞர் யெவ்கேனி கீசின் ஆறு வயதில் க்னேசின் பள்ளியில் அன்னா கான்டோர் என்ற ஆசிரியையிடம் சேர்ந்தார். அவருக்கு வாழ்நாளில் வேறு பியானோ ஆசிரியரே கிடையாது. சைபீரியாவில் நோவோசிபிர்ஸ்கில் ஸாக்கார் ப்ரோன் என்ற ஒரே வயலின் ஆசிரியரிடமிருந்து வாதிம் ரெப்பின், மக்சிம் வெங்கெரோவ் இருவரும் வந்தார்கள். 1980களின் கடைசியில் ப்ரோன் ஜெர்மனிக்குப் போனபோது அந்தப் பிள்ளைகளும் அவர் பின்னாலேயே போனார்கள். ஆசிரியர் எங்கேயோ பள்ளியும் அங்கேதான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இந்தச் சிறப்புப் பள்ளியில் படித்தவர்கள் நடுப்படியில் கால் வைக்காமல் நேராகக் கன்சர்வேட்டரிக்குப் போகலாம்.

இப்போது நடுப்படி. ரஷ்யப் பேச்சில் 'உச்சிலிஷே', இன்றைய அதிகாரப்பூர்வப் பெயர் பெரும்பாலும் கல்லூரி. ஒன்பதாம் வகுப்பு முடித்து, பதினைந்து வயதில் சேர வேண்டும். கவனியுங்கள், இதுதான் உண்மையான கிளைச்சாலை. முஸிகால்காவுக்குப் போகும் பிள்ளை எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடலாம், ஒன்றும் குடிமுழுகாது. உச்சிலிஷேயில் சேர்கிறவர் சாதாரணப் பள்ளியை விட்டுவிட்டு வருகிறார். பதினைந்து வயதில் 'நான் இதைத்தான் செய்யப் போகிறேன்' என்று கையெழுத்துப் போடுவது மாதிரி. முதல் இரண்டு வருடம் பள்ளிப் பாடங்களையும் இங்கேயே சேர்த்துப் படித்துவிடுவார்கள்.

நான்கு வருடப் பாடத்தைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். வாத்தியம், சோல்ஃபெஜியோ, ஹார்மனி (சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் அடுக்குகளின் இலக்கணம்), இசை வடிவங்களை ஆராய்வது, வாத்தியக் குழுவில் வாசிப்பது, பியானோக்காரர்களுக்குப் பாடகருக்குப் பக்கவாத்தியம் வாசிக்கத் தனிப் பயிற்சி. பலலாய்க்கா, தோம்ரா, பயான் மாதிரி நாட்டு வாத்தியங்களுக்கும் இதே அந்தஸ்தில் தனித் துறை. நாட்டு வாத்தியம் என்று ஹார்மனித் தேர்வில் யாரும் சலுகை காட்ட மாட்டார்கள். இவற்றோடு, நான் சுற்றி வளைத்துச் சொல்ல வந்த அந்த விஷயம்: கற்பிக்கும் முறை என்று ஒரு பாடம், கூடவே நிஜக் குழந்தைகளை வைத்துப் பயிற்சி. பதினேழு வயது மாணவிக்கு ஏழு வயதுக் குழந்தை ஒன்றை ஒப்படைப்பார்கள். அவள் பாடம் நடத்த, மூத்த ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார், முடிந்ததும் அந்தக் குழந்தையின் கை ஏன் இறுகியிருந்தது, நீ ஏன் அதைக் கவனிக்கவில்லை என்று கேட்பார். வெளியே வரும்போது சான்றிதழில் கலைஞர், ஆசிரியர், பக்கவாத்தியக்காரர் என்று மூன்றும் சேர்ந்தே இருக்கும். பத்தொன்பது, இருபது வயதில் சட்டப்படி ஒரு முஸிகால்காவில் ஆசிரியராக வேலைக்குப் போகலாம்.

புரிகிறதா? கீழ்ப்படிக்கு வேண்டிய ஆசிரியர்களை நடுப்படி தயாரித்துக்கொண்டே இருக்கிறது. மேலே போய் மேடை ஏறுபவர் சிலர், மற்றவர் ஊருக்குத் திரும்பி ஆறு வயதுக் குழந்தைகளுக்குக் கை பிடிக்கச் சொல்லித் தருகிறார்கள். அந்தக் குழந்தைகளுக்கு முதல் பாடம் தருபவர் நான்கு வருடம் ஹார்மனி படித்தவர், தேர்வுக் குழுவுக்கு முன் மனப்பாடமாக வாசித்தவர். பல நாடுகளில் நிலைமை தலைகீழ்: மேலே அற்புதமான கல்லூரி, கீழே குழந்தைக்குச் சொல்லித் தர யார் கிடைக்கிறாரோ அவர். முதல் இரண்டு வருடத்தில் கையில் ஏறிய தப்பை எந்தப் பேராசிரியராலும் எளிதில் இறக்க முடியாது. இந்தச் சங்கிலியை நாடு முழுக்க இழுத்துக் கட்டியது சோவியத் காலத்து 'பகிர்ந்தளிப்பு' முறை. அரசு செலவில் படித்து முடித்தவரை, இந்த ஊரில் வேலை பார் என்று அரசே அனுப்பிவிடும், பொதுவாக மூன்று வருடம். பலர் முகம் சுளித்துக்கொண்டுதான் போனார்கள். சிலர் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். சுரங்க ஊரிலும் துறைமுக ஊரிலும் நல்ல பியானோ ஆசிரியர் எப்படி வந்தார் என்று கேட்டால் பாதி நேரம் பதில் இதுதான்.

போரும் இதில் தன் பங்கைச் செய்தது. 1941இல் லெனின்கிராட் (அன்றைய பெயரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) கன்சர்வேட்டரி தாஷ்கென்ட்டுக்கு இடம்பெயர்ந்தது, மாஸ்கோ கன்சர்வேட்டரியின் ஒரு பகுதி சரட்டோவுக்கு. மாஸ்கோவில் கைதாகி வெளியேற்றப்பட்ட பியானோப் பேராசிரியர் ஹைன்ரிக் நைகௌஸ் யூரல் மலைப் பக்கத்து ஸ்வெர்த்லோவ்ஸ்கில் சொல்லித் தந்தார். தலைநகரத்து ஆசிரியர்கள் இப்படிச் சிதறியது அவர்களுக்குத் துன்பம்தான், போன இடங்களில் அது ஒரு தலைமுறையையே மாற்றியது. தூர ஊரில் படித்தாலும் உயரம் தொடலாம் என்பதற்கு பாடகர் திமித்ரி ஹ்வரஸ்தோவ்ஸ்கி சாட்சி. சைபீரியாவின் க்ராஸ்நயார்ஸ்கிலேயே படித்து முடித்தார், மாஸ்கோவில் படித்ததே இல்லை, 1989இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் நடந்த உலகப் பாடகர் போட்டியில் முதல் பரிசு அவருக்கு. குரல் கலைஞர்களுக்கு வயதுக் கணக்கும் வேறு, குரல் உடைந்து நிலைப்பட்ட பிறகுதான் படிப்பே தொடங்கும், அதனால் முஸிகால்கா வாசல் மிதிக்காத பாடகர்களும் உண்டு.

கன்சர்வேட்டரியைப் பற்றி நீட்டப் போவதில்லை. ஐந்து வருடம். ஐரோப்பிய உயர்கல்விப் படிப்புகளை ஒரே அமைப்புக்குக் கொண்டுவரும் போலோன்யா ஏற்பாட்டில் ரஷ்யா 2003இல் சேர்ந்து மற்ற பல துறைகளை நான்கு வருடம், இரண்டு வருடம் என்று துண்டாக்கியபோதும், வாத்தியக்காரர்களுக்கு ஐந்து வருடத் தொடர் படிப்பைக் கைவிடவில்லை. அதன் பிறகு விரும்பினால் இரண்டு வருட உயர்பயிற்சி. அங்கே நீங்கள் சேர்வது கன்சர்வேட்டரியில் என்பதைவிட ஒரு பேராசிரியரின் 'வகுப்பில்' என்பதுதான் சரி, எந்த வகுப்பு என்பதுதான் வாழ்நாள் முகவரி. நைகௌஸின் அறையில் ஒருவர் வாசிக்க, சுற்றி இருபது முப்பது பேர் நின்று கேட்பார்கள், வேறு ஆசிரியர்களின் மாணவர்கள்கூட. பெரிய பியானோக் கலைஞர்களான எமில் கிலெல்ஸ், ஸ்வியத்தோஸ்லாவ் ரிக்டர் இருவரும் அந்த அறையில் இருந்தவர்கள்தான். இதில் ரிக்டர் கதை, நான் இதுவரை அடுக்கிய படிகள் அத்தனைக்கும் எதிர்ச்சாட்சி: பெரும்பாலும் தானாகவே கற்றவர், 22 வயதில் 1937இல் நேராக நைகௌஸிடம் வந்து சேர்ந்தார், கட்டாய அரசியல் வகுப்புகளுக்குப் போகாததால் வெளியே அனுப்பப்பட்டு மறுபடி சேர்க்கப்பட்டார். ஆனால் ரிக்டரை வைத்து யாரும் பாடத்திட்டம் எழுத முடியாது.

கடைசிக் கேள்வி, வெளிநாட்டவர் நடுவில் போய்ச் சேர முடியுமா. முடியும், ஆண்டுதோறும் சேர்கிறார்கள். பெரும்பாலும் முதல் வருடம் ஆயத்தப் பிரிவில் ரஷ்ய மொழியும் இசைக் கோட்பாடும் படித்துவிட்டுத்தான் நுழைவுத் தேர்வு. இங்கே பலர் ஒரு கணக்கில் தவறுகிறார்கள்: வாத்தியம் நன்றாக வாசித்தால் போதும் என்று நினைத்து வருகிறார்கள். வாத்தியத் தேர்வு முடிந்த அடுத்தடுத்த நாட்களில் சோல்ஃபெஜியோவும் ஹார்மனியும் இருக்கும், எழுத்திலும் வாய்மொழியிலும். உள்ளூர்ப் பிள்ளைக்கு அது ஏழு வயதிலிருந்து வாரா வாரம் செய்த வேலை. அதனால் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, இன்றைக்கே எட்டு அளவை மெட்டு ஒன்றை யாரையாவது பத்து முறை வாசிக்கச் சொல்லி, வாத்தியத்தைத் தொடாமல் எழுதிப் பாருங்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.